டிபிஎஃப் (டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்கற பில்டர்) மஞ்சள் விளக்கு: பில்டரையே வெட்டி எடுத்துடலாமா?

திருநகர்க்காரர் கேட்டது, 18 ஜூன் 2023

2021 மாடல் டீசல் வண்டி, 31,000 கிமீ ஓடியிருக்கு. தினம் ஓட்டம் பள்ளிக்கூடம் 4 கிமீ, ஆபீஸ் 6 கிமீ. பத்து நாளா டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் விளக்கு, குழாய்க்குள்ள புள்ளி புள்ளியா. நேத்துல இருந்து 2,500 ஆர்பிஎம்-க்கு மேல ஏற மாட்டேங்குது. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர், "சைலன்சர் லைன்ல ஒரு பில்டர் இருக்கு, அதை வெட்டிட்டு கம்ப்யூட்டர்ல ஆஃப் பண்ணிட்டா ஜென்மத்துக்கும் தொல்லை இல்ல, மைலேஜும் கூடும்"னு 35,000 கேக்கறார். புகையே வராத வண்டிக்கு பில்டர் எதுக்கு? பண்ணிடலாமா?

18 ஜூன் 2023, ராத்திரி

வேண்டாம். காரணம் நாளைக்கு எழுதறேன், கடை அடைக்கற நேரம். அதுவரைக்கும் வண்டியை நிப்பாட்டி வச்சு ஏசி போட்டு உட்காராதீங்க.

19 ஜூன் 2023

கொசுவே இல்லாத வீட்டுக்கு வலை எதுக்குன்னு கேக்கற மாதிரி இருக்கு தம்பி. வலை இருக்கறதாலதான் கொசு இல்ல.

நான் மதுரையில டீசல் பம்ப்-நாசில் (எஞ்சினுக்குள்ள டீசலைப் பீச்சற பாகம்) ரிப்பேர் கடை வச்சிருக்கேன், 22 வருஷமாச்சு. டிராக்டர் நாசில்ல ஆரம்பிச்சு இப்ப காமன்ரெயில் இன்ஜெக்டர் வரைக்கும். என்கிட்டயும் பிஎஸ்6, அதாவது 2020-ல வந்த புகை விதிப்படி செஞ்ச டீசல் வண்டிதான். அந்த விளக்கு எனக்கும் எரிஞ்சிருக்கு.

டீசல் எஞ்சின்ல காத்தும் எண்ணெயும் முன்னாடியே கலந்து வர்றதில்ல. அமுக்கிச் சூடான காத்துக்குள்ள டீசலைப் பீச்சறோம். பீச்சின இடத்தோட ஓரம் நல்லா எரியும். நடுவுல காத்து எட்டாத இடம் வெந்து கரியாப் போகும். சிம்னி விளக்குல திரியைத் தூக்கிவிட்டா கண்ணாடி கறுத்துப்போகுமே, அதே சங்கதிதான். எஞ்சின் எவ்வளவு நல்லா இருந்தாலும் இந்தக் கரி கொஞ்சமாவது வந்தே தீரும்.

அதைப் பிடிக்கத்தான் டிபிஎஃப். தகர உறைக்குள்ள தேன்கூடு மாதிரி ஒரு செராமிக் கட்டி இருக்கும். அதுல நீளவாக்குல ஆயிரக்கணக்கான பொடிக் குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் திறப்பு, பின்வாய் அடைப்பு. பக்கத்துக் குழாய்க்கு நேர்மாறு. சதுரங்கப் பலகை மாதிரி மாத்தி மாத்தி அடைச்சிருப்பாங்க. உள்ள நுழைஞ்ச புகை முட்டுச்சந்துல மாட்டிக்கிட்டு, சுவரைத் துளைச்சுக்கிட்டுதான் பக்கத்துக் குழாய்க்குத் தாவணும். சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. சல்லடைதான். காத்து போயிடும், கரி நின்னுடும்.

நின்ன கரி என்ன ஆகும்? அங்கதான் உங்க மஞ்சள் விளக்கு.

20 ஜூன் 2023

ஏர் பில்டரைத் தட்டிப் போடலாம், ஆயில் பில்டரைத் தூக்கிப் போடலாம். இதை உள்ளேயே வச்சுக் கொளுத்தணும். கரி தானா எரிய 600 டிகிரி வேணும். டவுன் ஓட்டத்துல டீசல் புகையோட சூடு பாதிகூட வராது, 200 டிகிரி சுமாருக்குத்தான் நிக்கும்.

ஹைவேயில இழுத்து ஓட்டினா புகைச் சூடு முந்நூறு டிகிரியைத் தாண்டும். பில்டருக்கு முன்னாடி இருக்கற கேட்டலிஸ்ட் (வேதிவினையைத் தூண்டிவிடற பூச்சுள்ள கட்டி), புகையில இருக்கற நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடா மாத்தித் தரும். அது அந்தச் சூட்டுலேயே கரியை மெல்ல மெல்லத் தின்னுடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது பத்தலைன்னா வண்டியே முடிவெடுக்கும்: பவருக்கான டீசலைப் பீச்சி முடிச்ச பிறகு, பிஸ்டன் கீழ இறங்கற நேரத்துல இன்னொரு சொட்டு பீச்சும். அது சிலிண்டர்ல எரியாம வெளிய வந்து, கேட்டலிஸ்ட்ல எரிஞ்சு, பில்டரை 600 டிகிரிக்குக் கொண்டுபோகும். பத்து இருபது நிமிஷம் தொடர்ந்து ஓடினா கரி காலி. இதைத்தான் ரீஜென்னு சொல்றாங்க. ஓட்டற விதத்தைப் பொறுத்து முந்நூறுல இருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை வரும்.

இப்ப உங்க கணக்கு. நீங்க எழுதினபடி பள்ளிக்கூடம் 4 கிமீ, ஆபீஸ் 6 கிமீ. ரீஜென் ஆரம்பிக்கும், அஞ்சாவது நிமிஷம் நீங்க சாவியைத் திருப்பிடுவீங்க. சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி அணைப்பீங்க. பாதி வெந்த சோத்தைத் தினம் தினம் இறக்கி வைக்கற கதை.

என்ன பண்ணணும்னா, ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பி கப்பலூர் தாண்டி விருதுநகர் போயிட்டு வாங்க. நாலாவது கியர், 2,000-க்கு மேல நிக்கற மாதிரி, 25 நிமிஷம் விடாம. டோல் கட்டணும், தெரியும். கரி எரிக்கறதுக்கே டோல் கட்டற கொடுமை நம்ம ஊர்லதான்.

20 ஜூன் 2023, மறுபடியும்

மேல சொன்னதுல ஒரு தப்பு. விளக்கு மட்டும் எரிஞ்சிருந்தா விருதுநகர் வைத்தியம் சரி. உங்க வண்டி ஏற்கெனவே 2,500-ல முடங்கிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, நான் அதைக் கவனிக்கல. அந்த நிலைக்குப் போயிட்டா பெரும்பாலும் வண்டி தானா ரீஜென் பண்ணாது. கரி ரொம்பச் சேர்ந்த பில்டரைக் கொளுத்தினா சூடு தறிகெட்டு ஏறி செராமிக்கே விரிசல் விடும், அதனால கம்ப்யூட்டர் கையைக் கட்டிக்கும். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டு, கரி அளவு பார்த்துட்டு, அவங்கதான் ஃபோர்ஸ்டு ரீஜென் பண்ணணும். டோல் காசு மிச்சம்.

21 ஜூன் 2023

"இம்மாத்தூண்டு கரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்"னு கேட்ட கோவைக்காரருக்கு. பிஎஸ்4 டீசல் காருக்கு கிமீ-க்கு 25 மில்லிகிராம் வரைக்கும் விட அனுமதி. பிஎஸ்6-ல 4.5 மில்லிகிராம். வருஷம் 10,000 கிமீ ஓட்டினா முன்ன கால் கிலோ, இப்ப 45 கிராம். கால் கிலோ கரியை ஒரு பாலிதீன் பையில கட்டி உங்க மேசையில வச்சா எவ்வளவு பெருசா இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, பஞ்சு மாதிரிதான் இருக்கும் அது.

எடைக்கு மேல இன்னொரு கட்டுப்பாடும் பிஎஸ்6-ல வந்துச்சு, எண்ணிக்கை. கிமீ-க்கு 6 லட்சம் கோடி துகளுக்கு மேல போகக் கூடாது. எடையை மட்டும் பார்த்தா பெரிய துகளைக் குறைச்சுட்டுத் தப்பிச்சுடலாம். எண்ணிக்கைன்னு வந்துட்டா டீசலுக்கு பில்டர் இல்லாம முடியாது.

22 ஜூன் 2023

6 லட்சம் கோடி இல்ல, 60,000 கோடி. 6-க்குப் பக்கத்துல 11 சைபர். கோடிக்கு 7 சைபர் போனா மீதி 4. எட்டாங்கிளாஸ் படிக்கற என் மக திருத்தினா. பட்ஜெட் செய்தி பார்த்துப் பார்த்து லட்சம் கோடி வாயில தானா வந்துடுது.

சல்லடைன்னு சொன்னதும் தப்பு. ஒரு இன்ஜினியர் நண்பர் தனியா எழுதித் திட்டினார், நியாயந்தான். சுவர்ல இருக்கற ஓட்டை பத்து இருபது மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). டீசல் கரித்துகள் பெரும்பாலும் 0.1 மைக்ரானுக்கும் கீழ. சல்லடையா இருந்தா நெல் சலிக்கற சல்லடையில மைதாவைக் கொட்டின மாதிரி எல்லாம் கீழ போயிருக்கும். நடக்கறது வேற. அவ்வளவு பொடித்துகள் நேராப் போகாது, காத்து மூலக்கூறு இடிச்சு இடிச்சுத் தள்ளாடும். தள்ளாடிக்கிட்டே வளைஞ்சு நெளிஞ்ச ஓட்டைக்குள்ள போகும்போது சுவர்ல எங்கயாவது ஒட்டிக்கும். அது மேல அடுத்தது. கொஞ்ச நேரத்துல சுவர் மேல கரியே ஒரு அடையாப் படியும், அதுக்கப்புறம் அந்த அடைதான் வடிகட்டி. புது பில்டரைவிட லேசாக் கரி படிஞ்ச பில்டர் நல்லாப் பிடிக்கும். நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணியை மணல்ல வடிகட்டறப்ப முதல் குடம் கலங்கலா வருமே, அந்த மாதிரி.

25 ஜூன் 2023

திருநகர்த் தம்பி வண்டியோட சர்வீஸ் சென்டர் போயிட்டு வந்துட்டாராம். ஃபோர்ஸ்டு ரீஜென், விளக்கு அணைஞ்சது. நல்லது. ஒன்னு கேட்டிருக்கார்: "ஆட்ப்ளூ ஊத்தினா இது சரியாகுமா?"

ஆகாது. ஆட்ப்ளூ யூரியாத் தண்ணி, 32.5 சதவீதம். அது நைட்ரஜன் ஆக்சைடுக்கு, கரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க வண்டியில அந்த டேங்கே இருக்கான்னு முதல்ல பாருங்க. டீசல் டேங்க்ல ஊத்திடாதீங்க சாமி, ஊத்தினா நேரா என் கடைக்குத்தான் வரணும், எனக்கு வருமானம், உங்களுக்கு வயித்தெரிச்சல். இதே மாதிரி 2015-ல ஃபோக்ஸ்வாகன் கம்பெனி புகை டெஸ்ட்டை ஏமாத்தி மாட்டினதையும் இங்க ஒருத்தர் கரிப்புகைன்னு எழுதியிருந்தார். அதுவும் நைட்ரஜன் ஆக்சைடு விவகாரம்தான்.

2 ஜூலை 2023

"ஒன்னும் ஆகாது, எங்க அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினார்." டீசல் புகையைப் பத்தி இங்க ஒருத்தர் எழுதின இந்த வாக்கியத்துக்குப் பதில் எழுதறதா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன்.

நான் தொழில் கத்துக்கிட்ட கடையில நாசில் டெஸ்ட் பண்றது ஒரு இருட்டு ரூம்ல. ஜன்னல் இருக்கும், தூசி வரும்னு முதலாளி திறக்க விடமாட்டார். வாசல்ல லாரியை ஸ்டார்ட் பண்ணி ஆக்சில் மிதிச்சு டைமிங் பார்ப்போம். சாயங்காலம் மூக்கைச் சிந்தினா கர்சீப்ல மை. அதை ஒரு பெருமையா வேற பேசிக்குவோம், யாருக்கு ஜாஸ்தி கறுப்புன்னு. அந்த வயசுல தெரிஞ்சது அவ்வளவுதான். கர்சீப்ல வந்தது பெரிய துகள், மூக்கு பிடிச்சுக்கிட்டது. மூக்குல மாட்டாத பொடிதான் நுரையீரல் நுனி வரைக்கும் போய், அங்கிருந்து ரத்தத்துலயும் ஏறும். தலைமுடி 70 மைக்ரான். அதுல எழுநூறுல ஒரு பங்கு அந்தத் துகள்.

2012 ஜூன்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு டீசல் புகையை முதல் பிரிவுல வச்சுது, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியாத் தெரிஞ்ச பட்டியல். 1988-ல இருந்து "வரவைக்க வாய்ப்பு அதிகம்"ங்கற இடத்துலதான் இருந்துச்சு. மாத்தினதுக்கு முக்கியமான ஆதாரம் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் ஆய்வு, 12,000 பேருக்கு மேல. பூமிக்கடியில டீசல் மெஷினோட வேலை பார்த்தவங்க. அதைப் படிச்சப்ப எனக்கு அந்த இருட்டு ரூம்தான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப என் கடையில ரெண்டு எக்ஸ்சாஸ்ட் ஃபேன். பசங்க ஏசி கேக்கறாங்க, அது வேற.

3 ஜூலை 2023

நாமக்கல் அண்ணாச்சி எழுதினது உண்மைதான். பிஎஸ்6 லாரியில ரீஜென்னுக்குத் தனி பட்டன் இருக்கும், ஓரமா நிப்பாட்டி அழுத்தினா எஞ்சின் வேகமா ஓடித் தானே கொளுத்திக்கும். அரை மணிக்கு மேல ஆகும். கார்ல அந்த வசதி பொதுவா இல்ல.

அண்ணாச்சி, நிப்பாட்டற இடம் பார்த்து நிப்பாட்டுங்க. உசிலம்பட்டி பக்கம் ரோட்டுலயே கொள்ளு, உளுந்துச் செடியைப் பரப்பி வச்சிருப்பாங்க, வண்டி ஏறி அடிபடட்டும்னு. சாதாரண வண்டிக்கே அந்தச் சருகு அடியில சுத்திக்கிட்டு பத்திக்கும். ரீஜென் ஓடற வண்டியைக் காய்ஞ்ச புல்லு மேல நிப்பாட்டறது, அடுப்பைக் கொண்டுபோய் வைக்கோல்போர்ல வைக்கறதுக்குச் சமம். ரீஜென் ஓடுதான்னு எப்படித் தெரியும்னா: ஐடிலிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிக்கும், மைலேஜ் மீட்டர் திடீர்னு இறங்கும், வண்டியை அணைச்ச பிறகும் ஃபேன் ஓடும், லேசாத் தீய்ஞ்ச வாடை வரும். அப்ப அணைக்காம இன்னும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. பொண்டாட்டி எதுக்குச் சுத்தறீங்கன்னு கேட்டா இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

14 ஆகஸ்ட் 2023

"பில்டரை எடுத்த வண்டியும் புகை டெஸ்ட்டுல பாஸ் ஆகுது, அப்ப என்ன தப்பு?"

பாஸ் ஆகும். நம்ம ஊர் டெஸ்ட்டுல ஆக்சிலை மிதிச்சுப் புகை வழியா ஒளி எவ்வளவு மங்குதுன்னு பார்க்கறாங்க. கண்ணால பார்க்கறதை மெஷின் பார்க்குது, அவ்வளவுதான். பொடித்துகள் ஒளியை மறைக்காது. இதே தொல்லை ஐரோப்பாவுலயும் இருந்துச்சு. பிரிட்டன்ல 2014 பிப்ரவரியில இருந்து பில்டர் இருக்கான்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. உடனே நம்ம ஆளுங்க மாதிரியே அங்கேயும் உறையை வெட்டி, உள்ள இருக்கறதைக் குடைஞ்சு எடுத்துட்டு, திரும்ப வெல்டு வச்சு, பார்த்தா இருக்கற மாதிரியே காட்டிட்டாங்க. கைவேலைக்கு நாடு கிடையாது. அதனால இப்ப துகளையே எண்ணற மெஷின். நெதர்லாந்துல இந்த வருஷம் ஜனவரியில இருந்து, ஜெர்மனியில போன மாசம் 1-ஆம் தேதியில இருந்து வழக்கமான வண்டித் தகுதிச் சோதனையிலேயே எண்ணறாங்க.

பழைய பிஎஸ்6 டீசல் வாங்கறவங்களுக்கு மெஷின் வேண்டாம், விரல் போதும். எஞ்சின் ஆறின பிறகு சைலன்சர் முனைக்குள்ள விரலை விட்டுத் துடைங்க. பில்டர் ஒழுங்கா இருந்தா 50,000 கிமீ ஓடியிருந்தாலும் கை கறுக்காது. மை ஒட்டினா பில்டர் உடைஞ்சிருக்கு, இல்ல எடுத்துட்டாங்க. பேரம் பேசறதுக்கு முன்னாடி விரலைக் கழுவிடுங்க.

9 செப்டம்பர் 2023

திருநகர்த் தம்பிக்கு மறுபடியும் விளக்கு. ஃபோர்ஸ்டு ரீஜென் பண்ணி மூணு மாசம் ஆகல. நடுவுல ஞாயித்துக்கிழமை தவறாம விருதுநகர் போயிட்டு வந்திருக்கார், பரோட்டா சாப்பிட்ட போட்டோகூட அனுப்பினார். சர்வீஸ்ல பில்டர் மாத்தணும், ஒன்றரை லட்சம்னு சொல்லியிருக்காங்க. 35,000 மெக்கானிக் மறுபடி போன் பண்றாராம்.

ஒன்னு கேட்டேன்: டிப்ஸ்டிக்ல ஆயில் எவ்வளவு இருக்கு? "குறையவே இல்லண்ணே, நல்ல எஞ்சின், மேல் கோட்டையும் தாண்டி இருக்கு."

எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ஆயில் குறையலாம், ஏறக் கூடாது. ஏறினா டீசல் கலக்குதுன்னு அர்த்தம். ரீஜென்னுக்காகக் கடைசியில பீச்சற டீசல் எரியாம சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு கீழ இறங்கும். பாதியில பாதியில அணைச்சா இன்னும் ஜாஸ்தி. ஆயில் நீர்த்துப்போனா பேரிங் போகும். ரொம்ப ஏறினா எஞ்சின் தன்னோட ஆயிலையே குடிச்சு, சாவியை எடுத்தாலும் நிக்காம ஓடும். வண்டியை எடுக்காதீங்க, டோ பண்ணிக் கடைக்குக் கொண்டுவாங்கன்னு சொன்னேன்.

12 செப்டம்பர் 2023

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமா இருக்கு.

மூணு மாசமா 4 கிமீ ஓட்டம், பள்ளிக்கூடம், பாதி வெந்த சோறுன்னு பாடம் எடுத்தேன். வண்டி வந்துச்சு. நாலு இன்ஜெக்டருக்கும் ரிட்டர்ன் லைன்ல (மிச்ச டீசல் திரும்பற குழாய்) நாலு பாட்டில் மாட்டி ஓட விட்டேன். மூணாவது பாட்டில் மட்டும் மத்ததைவிட ரெண்டு மடங்கு வேகமா நிறையுது. கழட்டி பெஞ்சுல வச்சேன். நாசில் பன்னீர் தெளிக்கற மாதிரி தெளிக்கணும். இது சளிப் பிடிச்ச பிள்ளை மூக்கு மாதிரி ஒழுகுது.

ஒழுகற நாசில்னா துளி பெருசு. துளி பெருசுன்னா கரி ஜாஸ்தி. கரி ஜாஸ்தின்னா பில்டர் சீக்கிரம் நிறையும், ரீஜென் அடிக்கடி வரும், ஆயில்ல டீசல் இறங்கும். எல்லாம் ஒரே நூல். 22 வருஷம் நாசில் பார்க்கறவன், நாசிலைத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். எய்தவன் இருக்க அம்பை நொந்தது நான்தான்.

குட்டை ஓட்டமும் ஒரு காரணம்தான், அதை வாபஸ் வாங்கல. ஆனா 35,000 மெக்கானிக் சொன்னபடி பில்டரை வெட்டியிருந்தா விளக்கு அணைஞ்சிருக்கும், மூணாவது சிலிண்டர்ல ஒழுகல் அப்படியே இருந்திருக்கும், பிஸ்டன் தலையில ஓட்டை விழுந்த பிறகுதான் தெரிஞ்சிருக்கும்.

இன்ஜெக்டர் ஒன்னு மாத்தி, ஆயில் மாத்தி, ஃபோர்ஸ்டு ரீஜென் ஒரு தடவை. பில்டர் மாத்தல.

30 செப்டம்பர் 2023

என்ன ஆயில் ஊத்தினேன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. டிபிஎஃப் வண்டிக்குன்னு வர்ற, சாம்பல் கம்மியான ஆயில். டப்பாவுல சி3 மாதிரி போட்டிருக்கும், உங்க வண்டி புத்தகத்துல என்ன சொல்லியிருக்கோ அதுதான். கரி வேற, சாம்பல் வேற. விறகடுப்பு பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கரியைத் திரும்ப எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. ஆயில்ல இருக்கற கால்சியம், துத்தநாகம் எல்லாம் எரிஞ்சு சாம்பலா பில்டர்ல தங்கிடும். எத்தனை ரீஜென் பண்ணினாலும் போகாது. லட்சம் கிமீ தாண்டின பிறகு பில்டரைக் கழட்டி மெஷின்ல கழுவறதோ மாத்தறதோ இதுக்காகத்தான். டிராக்டருக்கு வாங்கின ஆயில் மிச்சம் இருக்குன்னு ஊத்தினா அந்த நாள் சீக்கிரம் வரும்.

17 மார்ச் 2024

பழைய இழையைத் தோண்டி எடுத்து "இதெல்லாம் 2020-ல நம்ம தலையில கட்டின புது விஷயம்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். நமக்குத்தான் புதுசு. 1985-லேயே கலிஃபோர்னியாவுல வித்த மெர்சிடிஸ் டீசல்ல ஒரு கரிப்பொறி வச்சாங்க, ஒத்துவரல, கைவிட்டாங்க. 2000-ல பிரெஞ்சுக் கார் பெஜோ 607 பில்டரோட வந்துச்சு. டீசல்ல சீரியம் மருந்து கலந்து, கரி எரியற சூட்டை 450 டிகிரி பக்கம் இறக்கி ஜெயிச்சாங்க. நாம பிஎஸ்4-ல இருந்து பிஎஸ்5-ஐத் தாண்டி 2020 ஏப்ரல் 1-ல ஒரே தாவு. பில்டர் வைக்கறதுக்கு முன்னாடி டீசலைச் சரி பண்ணணும். கந்தகம் 50 பிபிஎம்-ல (பத்து லட்சத்துல 50 பங்கு) இருந்து 10-க்கு வந்துச்சு. அந்தக் கந்தகம் கேட்டலிஸ்ட்டுக்கு விஷம். கடையில பழைய டீசல் கையில பட்டா ஒரு வாடை வருமே, இப்ப வர்றதில்லன்னு பசங்க சொல்றாங்க. எனக்கு மூக்கு எப்பவோ செத்துப்போச்சு.

6 ஜனவரி 2025

திருநகர்த் தம்பி டீசலை வித்துட்டார். வாங்கினவர் வாரம் ரெண்டு தடவை திருநெல்வேலி போற விதை வியாபாரி, அந்த வண்டிக்கு அதுதான் சரியான இடம். கை மாத்தும்போது விரல் டெஸ்ட் பண்ணினாராம், கை சுத்தம்.

புதுசா டர்போ பெட்ரோல் எடுத்திருக்கார், "இனி பில்டர் தொல்லை இல்ல"ன்னு. தம்பி, பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சற எஞ்சின்லயும் பொடிக்கரி வரும். ஐரோப்பாவுல அதுக்கும் பில்டர் வச்சுட்டாங்க. பெட்ரோல் புகைக்குச் சூடு ஜாஸ்தி, பெரும்பாலும் தானா எரிஞ்சுக்கும், விருதுநகர் போக வேண்டியதில்ல. பரோட்டாவுக்காகப் போனா போங்க.

என் வண்டி இன்னைக்கு 88,400 கிமீ. காலையில டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்தேன், மேல் கோட்டுக்கு அரை விரல் கீழ.